கன்னியர் மடத்தில் சேர எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 24 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர். பி.காம். முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்ற நினைப்பு இரண்டு வருடமாக விடவே இல்லை. எந்தச் சபை என்று தெரியவில்லை. கல்விக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒரே அழுகை. சேருவதற்கு முன் நான் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

நான் பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு சபையைச் சேர்ந்தவள். சேலை கட்டி, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு வாழ்வேன் என்று கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. நடுவில் ஆறு வருடம் இறையழைத்தல் பணியில் இருந்தேன். பங்கு பங்காகப் போய், உங்களைப் போன்ற பெண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. அதனால் கேட்கிற பெண்ணாகவும் இருந்திருக்கிறேன், பதில் சொல்லும் சிஸ்டராகவும் இருந்திருக்கிறேன்.

மடத்துக்குத் தயாராவது என்றதும் பெரும்பாலான பெண்கள் செய்வது என்ன? செபமாலையைக் கூட்டுவார்கள், வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பார்கள், நல்ல சுடிதாரையெல்லாம் தங்கைக்குக் கொடுத்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது செபப் புத்தகம் அல்ல, வங்கியின் கடன் கணக்குச் சீட்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் எண் 644 இதைத்தான் சொல்கிறது: கடன் இருந்து, அதைத் திருப்பிக் கட்ட வழியில்லாதவரை நவதுறவில், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், சேர்க்கக் கூடாது. காரணம் எளிது. மடத்துக்குள் வந்த பிறகு உங்களுக்கென்று சம்பளம் கிடையாது. மாதாமாதம் தவணை கட்டப்போவது யார்? அப்பாவா, தம்பியா, பிணைக் கையெழுத்துப் போட்ட மாமாவா? ஒருவர் கழுத்தில் சுமையை மாட்டிவிட்டு நாம் போய் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பது நன்றாக இருக்காது. எவ்வளவு பாக்கி, இப்போதைய சம்பளத்தில் கட்டி முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். அது உங்கள் தொழில்தானே. ஒன்றரை வருடம் ஆகும் என்றால் ஆகட்டும். அந்த ஒன்றரை வருடம் வீணாகப் போகாது. அதற்குள் செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னும் சில வாசல்படிகள் இருக்கின்றன. 17 வயது முடியாதவரை நவதுறவில் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. திருமண பந்தம் நீடிக்கும்வரை சேர முடியாது. கணவரை இழந்தவர் சேரலாம். வேறொரு சபையில் வார்த்தைப்பாட்டில் இருந்துகொண்டே அதை மறைத்துச் சேர்ந்தாலும் செல்லாது. பலவந்தம், பெரும் பயம், ஏமாற்று ஆகியவற்றின் பேரில் வந்து சேர்ந்தாலும் செல்லாது. இந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். "பிள்ளை பிழைத்தால் மடத்துக்குக் கொடுக்கிறேன்" என்று அம்மா வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டதற்காக வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் நேர்ச்சை அம்மாவைத்தான் கட்டும், மகளைக் கட்டாது. உங்கள் கதை நேர் எதிர், அம்மா அழுகிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

காகிதங்கள்: திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்கள், நீங்கள் மணமாகாதவர் என்று காட்டும் சான்று, பங்குத்தந்தையின் கடிதம், படிப்புச் சான்றிதழ்கள், ஆதார். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் என்பது நம் ஊர்ப் பக்கம் சாதாரணம். பிறந்த தேதிகூட ஒத்துப்போகாது. அதை இப்போதே சரிசெய்து வையுங்கள்.

உடம்பைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். இதில் என் கதையே ஒரு பாடம். எனக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, விண்ணப்பத்தில் "நோய் ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டேன். நவதுறவு இல்லம் மலைப் பகுதியில். முதல் டிசம்பரிலேயே நள்ளிரவில் மூச்சு அடைத்துப்போய், இரண்டு சிஸ்டர்கள் என்னை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இல்லத் தலைவியான மதர் திட்டவில்லை. "சொல்லியிருந்தால் கீழே உள்ள இல்லத்துக்கு அனுப்பியிருப்பேனே" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வாக்கியம் திட்டைவிட அதிகமாக வலித்தது. சட்டம் கேட்பது உடல்நலம், ஏற்ற குணம், போதிய முதிர்ச்சி. இழுப்பும் சர்க்கரையும் தைராய்டும் வந்தாலே கதவு மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

மனநலப் பரிசோதனையும் இப்போது பல சபைகளில் உண்டு. அதற்கு உங்கள் சம்மதம் தேவை. உங்கள் அந்தரங்கத்துக்கு உள்ள உரிமையைச் சட்டமே காக்கிறது. அறிக்கையை யார் யார் படிப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்பது அடங்காத்தனம் ஆகாது.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? சினிமாவில் காட்டுவதுபோல வாசலில் அழுதுகொண்டு போய், மறுநாள் முக்காட்டோடு நிற்பதெல்லாம் இல்லை. முதலில் "வந்து பாருங்கள்" என்று சில நாள் முகாம். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், பரீட்சை முடிந்ததும் வைப்பார்கள். அதன் பிறகு கேண்டிடேட், போஸ்டுலண்ட் என்ற ஆயத்த நிலைகள். இவை எத்தனை மாதம் என்பதை ஒவ்வொரு சபையும் தன் அமைப்புச் சட்டத்தில் வைத்திருக்கும். அடுத்தது நவதுறவு, நாம் நோவிஷியேட் என்று சொல்வது. இதற்கு மட்டும் பொதுச் சட்டம் கறாரான கணக்கு வைத்திருக்கிறது: நவதுறவு இல்லத்திலேயே 12 மாதம் முழுதாக இருக்க வேண்டும், மொத்தம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது, தேவைப்பட்டால் ஆறு மாதம்வரை நீட்டலாம். அந்த 12 மாதத்தில் விட்டு விட்டோ தொடர்ந்தோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவதுறவே செல்லாது. 15 நாளுக்கு மேல் போனாலே அதை ஈடுகட்ட வேண்டும். "சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட விடமாட்டேன் என்கிறார்களே" என்று வீட்டில் கோபப்படும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

நவதுறவு முடிந்து முதல் வார்த்தைப்பாடு. அது தற்காலிகமானது. மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஆறு வருடத்துக்கு மேல் போகாமல் இருக்கும். தேவையானால் மொத்தம் ஒன்பது வருடம்வரை நீட்டலாம். அதற்கும் பிறகுதான் நிரந்தர வார்த்தைப்பாடு. ஆக, இன்று பெட்டி தூக்கிக்கொண்டு போகும் பெண் "இனி சாகும்வரை" என்று சொல்வதற்குப் பொதுவாக எட்டிலிருந்து பத்து வருடம் ஆகும். வெளியே வராமல் செபத்திலேயே வாழும் கார்மேல் போன்ற அடைபட்ட மடங்களுக்கு 2018இல் வந்த விதிமுறைப்படி ஆரம்பப் பயிற்சியே ஒன்பது வருடத்துக்குக் குறையக் கூடாது. கேரளத்தில் உள்ள கீழைத் திருச்சபையான சீரோ மலபார் முறைச் சபையில் சேர்ந்தால் கீழைத் திருச்சபைகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதில் சில விவரங்கள் மாறும்.

இத்தனை வருடம் ஏன் இழுக்கிறார்கள் என்று பெண்கள் அலுத்துக்கொள்வதுண்டு. இழுப்பு அல்ல அது. ஒவ்வொரு படியிலும் நீங்களும் "வேண்டாம்" என்று சொல்லலாம், சபையும் சொல்லலாம். நவதுறவில் இருப்பவர் எந்த நாளும் தாராளமாக வெளியேறலாம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் வீட்டுக்குப் போகலாம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் கடைசிவரை வந்தோம். போனவர்களில் ஒருத்தி இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய். என் சபையின் நிறுவனர் நாளுக்கு வருடம் தவறாமல் கேக் அனுப்புகிறாள். ஊர் மட்டும் இன்னும் மாறவில்லை. "மடத்திலிருந்து திரும்பி வந்தவள்" என்று ஒரு பேச்சு ஓடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே உள்ளே ஒட்டிக்கொண்டிருந்து, கசந்துபோய், கூட இருப்பவர்களையும் கசக்க வைத்த சிஸ்டர்களும் உண்டு. அதனால் கிளம்பும்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்: "பார்த்துவிட்டு வரப்போகிறேன். எனக்கு ஒத்து வந்தால் இருப்பேன், இல்லை என்றால் திரும்பி வருவேன். இரண்டுமே அவமானம் இல்லை." விருந்து வைத்து, ஊரைக் கூட்டி, மாலை போட்டு அனுப்புவதை நான் விரும்புவதில்லை. திரும்பி வரும் பாதையை அந்த மாலையே அடைத்துவிடுகிறது. விருந்தை முதல் வார்த்தைப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சபை என்ற கேள்விக்கு வருவோம். பெண்கள் பெரும்பாலும் பள்ளியில் பார்த்த சிஸ்டரின் சபையிலேயே சேருகிறார்கள். நானும் அப்படித்தான். அது மோசமான வழி அல்ல, ஆனால் அது ஒன்றே வழி என்று இருக்க வேண்டாம். சபைகளின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தேவையைப் பார்த்துப் பிறந்தது. புதுச்சேரியில் 1844இல் துப்புயி அடிகளார் மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கியது, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் அவர்களைப் படிக்க வைக்க. உலகம் முழுக்கப் பரவிய மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை 1877இல் நம் ஊட்டியில்தான் பிறந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? குமரி மாவட்டம் முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்தர் அநாதைப் பெண்பிள்ளைகளை வளர்க்க ஆரம்பித்த வேலையிலிருந்து இன்னொரு சபை வளர்ந்தது. சலேசிய சகோதரிகள் 1922இல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இளைஞர்கள்தான் எல்லாம்.

இந்த மூலத் தேவையை நாங்கள் தனிவரம் என்போம். நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தத் தனிவரம் உங்களை அசைக்கிறதா என்பது. புத்தகத்தில் இருக்கும் தனிவரமும் இன்று அந்த மடத்தில் நடக்கும் வேலையும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். ஏழைகளுக்கென்று தொடங்கிய சபை இன்று பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகளை மட்டும் நடத்துகிறது என்றால், ஏன் என்று கேட்கலாம். நல்ல சபை என்றால் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது. தங்களுக்குள்ளேயே அதைக் கேட்டுச் சண்டை போட்டிருப்பார்கள்.

தவறான சபையைத் தேர்ந்துவிட்டால் வாழ்க்கையே போச்சு என்றும் பயப்பட வேண்டாம். அன்னை தெரேசா 1928இல் 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிச் சேர்ந்தது லொரேட்டோ சபையில். 1937இல் அங்கேயே இறுதி வார்த்தைப்பாடும் கொடுத்தார். 1948இல்தான் அனுமதி பெற்று அந்த மடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார். 1950இல் புதுச் சபை. இருபது வருடம் லொரேட்டோவில் இருந்ததை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

நேரில் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு. வயதான சிஸ்டர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படுக்கையில் கிடக்கும் எண்பது வயது சிஸ்டரின் அறை நாறுகிறதா, யாராவது அவரோடு உட்கார்ந்து பேசுகிறார்களா? சாப்பாட்டு மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? சமையல் செய்யும் அக்காவையும் ஓட்டுநரையும் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? முகாமில் காட்டும் படத்தைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும். நம் திருச்சபையில் சாதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மடங்களுக்குள்ளும் அது நுழைந்திருக்கிறது. பொறுப்புகளில் யார் யார் இருக்கிறார்கள், எந்தெந்த ஊர்ப் பெண்கள் மேல்படிப்புக்குப் போகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்தால் தெரிந்துவிடும். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் மடத்தில் இரண்டு முறை யோசியுங்கள்.

மொழியையும் கேளுங்கள். தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேரும் சபைகளிலும் பயிற்சி ஆந்திராவிலோ வட இந்தியாவிலோ இருக்கலாம், ஆங்கிலத்தில் நடக்கலாம். நிர்வாகம் எப்படி என்பதும் முக்கியம்: சில சபைகள் மறைமாவட்ட ஆயரின் கீழ், சில நேரடியாக ரோமின் கீழ். பின்னால் ஒரு சிக்கல் என்று வந்தால் யாரிடம் போவது என்பது இதைப் பொறுத்தது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். உங்களிடம் மழுப்ப முடியாது. மடத்திலிருந்து ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் சபையுடையது. உங்கள் பெயரில் வரும், உங்கள் கையில் நிற்காது. வருமான வரி மட்டும் உங்கள் பெயரில் பிடிப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் துறவியரின் சம்பளத்தில் வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. பணம் சபைக்குத்தானே போகிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. மடத்தில் சேர சீதனம் கேட்பார்களா என்று சில அம்மாக்கள் என்னிடம் காதோடு கேட்டிருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. 1983இல் எடுத்துவிட்டார்கள்.

குடும்பச் சொத்து வேறு விஷயம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன், உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். கவனியுங்கள், ஒப்படைப்பது நிர்வாகத்தை மட்டும். சபையின் சட்டம் வேறு மாதிரிச் சொன்னாலொழிய உரிமை உங்களுடையதே. நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன்னால்தான் நாட்டின் சட்டப்படியும் செல்லக்கூடிய உயில் எழுத வேண்டும். நம் ஊரில் நடப்பது என்னவென்றால், மகள் மடத்துக்குக் கிளம்புகிறாள் என்றதும் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தோடு அண்ணன் தம்பிகள் வந்துவிடுவார்கள். "உனக்கு எதுக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போ." அன்பாகத்தான் கேட்பார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நாலு வருடம் கழித்து நீங்கள் வெளியே வந்தால் தலைக்கு மேல் கூரை வேண்டும். வெளியேறுபவர், சபையில் செய்த வேலைக்குக் கூலி என்று எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள் என்று மட்டும்தான் சட்டம் சபைக்குச் சொல்கிறது. கொடுக்கும் சபைகள் நன்றாகவே கொடுக்கின்றன. ஆனாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தை இப்போது போடாதீர்கள்.

இனி அம்மா.

அம்மா எதற்காக அழுகிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? "மடத்துக்குப் போகாதே" என்று அழுவதற்குள் நாலு வேறு அழுகை இருக்கும். பேரப்பிள்ளை பார்க்க முடியாதே என்று ஒன்று. வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்று ஒன்று. உங்கள் சம்பளத்தில் ஓடும் வீட்டுச் செலவு ஒன்று. இதை வாய்விட்டுச் சொல்ல அம்மாக்களுக்குக் கூச்சம். "பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்கலையாக்கும்" என்று ஊர் சொல்லுமே என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. செலவுதான் காரணம் என்றால் தம்பி வேலைக்குப் போகும்வரை நீங்கள் காத்திருக்கலாம். கடவுள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முதுமைதான் பயம் என்றால், பெற்றோர் படுத்த படுக்கையானால் எத்தனை நாள் விடுவீர்கள் என்று சபையிடம் நேராகக் கேட்டு, அந்தப் பதிலை அம்மாவிடம் சொல்லுங்கள். பல சபைகளில் வருடத்துக்கு ஒரு முறை வீட்டு விடுமுறை உண்டு, பெற்றோர் நோயில் விழுந்தால் தனி அனுமதியும் உண்டு. ஒவ்வொரு சபைக்கும் இது மாறும்.

உங்களுக்கு 24 வயது. சட்டப்படி அம்மாவின் சம்மதக் கையெழுத்து தேவையில்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பி வரும் பெண்ணை நான் சேர்க்கச் சொன்னதில்லை. சண்டை நெஞ்சிலேயே தங்கிவிடும். மௌன நேரத்தில் அதுதான் முதலில் பேசும். அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சிஸ்டர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கட்டும். என் அம்மா ஏழு மாதம் அழுதார். எங்கள் மடத்துச் சமையல்கட்டைப் பார்த்து, "புளிக்குழம்பு இவ்வளவு தண்ணியாவா வைப்பீங்க?" என்று மதரிடமே கேட்ட அன்றைக்குத்தான் அழுகை நின்றது.

மனதைச் சோதித்துப் பார்ப்பது பற்றி. இரண்டு வருடமாக நினைப்பு விடவில்லை என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. திடீர் உற்சாகம் ஒரு தியானம் முடிந்த வாரத்தோடு அடங்கிவிடும். ஆனாலும் ஒரு கேள்வி. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நாளைக்கே நின்றுவிட்டது, அலுவலகத்தில் சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது, உங்களை வருத்திய ஏதோ ஒரு ஆள் வந்து மன்னிப்பும் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போவீர்களா? ஓடி வருகிறவளுக்கு மடம் ஆறு மாதத்தில் இன்னொரு வீடாகிவிடும். அதிலிருந்தும் ஓடத் தோன்றும். புனித இஞ்ஞாசியார் சொன்ன வழி ஒன்றும் எனக்குப் பிடிக்கும்: இதுவரை பார்த்தே இராத ஒருவர் உங்கள் நிலைமையோடு வந்து யோசனை கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை நீங்களே கடைப்பிடியுங்கள். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாளில் எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். இதை உள்ளே வந்த பிறகும் பலமுறை எடுத்துப் பார்ப்பீர்கள்.

ஒரு ஆன்மிக வழிகாட்டி வேண்டும். குருவானவராக இருக்கலாம், சிஸ்டராக இருக்கலாம், அனுபவமுள்ள பொதுநிலையினராகவும் இருக்கலாம். நீங்கள் சேர நினைக்கும் சபையைச் சேராதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆள் சேர்க்கும் அவசரம் அவருக்கு இருக்காது. உள்ளே போன பிறகும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது: பாவசங்கீர்த்தனத்திலும் மனச்சான்று விஷயத்திலும் உங்களுக்கு உரிய சுதந்திரத்தைத் தலைவிகள் மதித்தாக வேண்டும். "உன் மனதில் உள்ளதையெல்லாம் என்னிடம் கொட்டு" என்று எந்த மதரும் வற்புறுத்தக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் எண் 630. அன்றாட வேலை, நடத்தை பற்றிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். இரண்டும் வேறு வேறு. யாராவது, அது குருவானவராகட்டும் தலைவியாகட்டும், அதிகாரத்தைக் காட்டி அத்துமீறினால் புகார் சொல்ல மறைமாவட்டந்தோறும் ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் சட்டம் போட்டார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு அதைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

வேலையில் இருந்துகொண்டே பழக்கிக்கொள்ளக் கூடியவை கொஞ்சம் உண்டு. மடத்தில் பொதுவாக ஐந்து மணிக்கு முன்னே பின்னே மணி அடிக்கும். தியானம், எல்லோரும் சேர்ந்து திருப்பாடல்கள் சொல்லும் கட்டளைச் செபம், திருப்பலி, அப்புறம்தான் காபி. நீங்கள் காலையில் ஒரு திருப்பாடல், இரவில் ஒன்று என்று ஆரம்பியுங்கள். கூடவே இருபது நிமிடம் ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். முதல் வாரம் அலுவலகக் கணக்குதான் தலையில் ஓடும்; ஓடட்டும். இரவு ஒன்பதுக்குப் போனை அணைத்துவிட்டுக் காலையில் செபம் முடிந்த பிறகு எடுத்துப் பாருங்கள். நவதுறவில் போன் இருக்காது; நான் பேசிய பெண்கள் பலருக்கும் வீட்டைப் பிரிந்ததைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. தனி அறையில் இருந்தால் மாற்றிக்கொண்டு, மகளிர் விடுதியில் நாலு பேர் அறைக்குப் போங்கள். குறட்டை விடுகிறவர், விளக்கை அணைக்காதவர், உங்கள் சோப்பை எடுத்துப் போடுகிறவர் ஆகியோரோடு கோபித்துக்கொள்ளாமல் ஒரு வருடம் வாழ முடிந்தால் நவதுறவில் பாதி கற்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லமோ ஊனமுற்ற பிள்ளைகள் இல்லமோ, ஒரே இடத்துக்கு, ஆறு மாதம் தொடர்ந்து போங்கள். முதல் மாதம் எல்லோருக்கும் இனிக்கும். நாலாவது மாதம் போகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பி.காம். பற்றி ஒரு வார்த்தை. கணக்குத் தெரிந்த பெண் வருகிறாள் என்றால் எந்த மதருக்கும் முகம் மலரும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டக் கணக்குகளைக் கட்டிக்கொண்டு அழும் மடங்கள் எத்தனையோ. ஆனால் "இரண்டு வருடம் நீ விடுதிச் சமையல்கட்டைப் பார்" என்றும் சொல்லலாம். அந்தக் காட்சியை இப்போதே மனதில் ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் வலிக்கும், வலித்தால் தவறில்லை. எரிச்சல் மட்டுமே வருகிறது என்றால் வழிகாட்டியிடம் பேசுங்கள்.

பெட்டியில் என்னென்ன வைப்பது என்பதற்குச் சபையே ஒரு பட்டியல் கொடுக்கும்: போர்வை, வாளி, தட்டு, இத்தனை சுடிதார் என்று. அதற்கு முன்னால் எதையும் வாங்க வேண்டாம். இருப்பதைத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே. ஒன்று, கடன் பாக்கியை வங்கியில் எழுதி வாங்குங்கள். இரண்டு, மூன்று சபைகளைத் தேர்ந்து அவற்றின் இறையழைத்தல் பொறுப்புச் சிஸ்டருக்கு எழுதுங்கள். கடிதம் அரைப் பக்கம் போதும்: வயது, படிப்பு, வேலை, கடன் எப்போது முடியும், அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை, உங்கள் மடத்தை வந்து பார்க்க விரும்புகிறேன். "சிறு வயதிலிருந்தே எனக்கு இயேசுவின் மீது தீராத தாகம்" என்று நாலு பக்கம் எழுதாதீர்கள். அப்படிப்பட்ட கடிதங்களை நான் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். கடன் முடியும் தேதியை எழுதிய பெண்ணைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். இரண்டு நாளில் பதில் போட்டு "உடனே கிளம்பி வா, இந்த மாதமே சேர்ந்துவிடலாம்" என்று அவசரப்படுத்தும் சபை இருந்தால், மற்ற இரண்டையும் முதலில் போய்ப் பாருங்கள்.